வேன் மேல யார் ஏறணும்? யாருமே வேணாம்!

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

நாம டூர் போறப்போ தினமும் பார்க்குற, ஆனா யோசிக்காம விட்டுடற ஒரு விஷயத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். வேன் கூரை மேல ஏறி லக்கேஜ் கட்டுறது, இறக்குறது. அதுல ஆட்கள் எப்படி விழுறாங்க, விழாம இருக்க என்ன செய்யலாம்?

சேலத்துல இருந்து ஏற்காடு போற ரோட்டுல, கோரிமேட்டைத் தாண்டினா அடிவாரம். ஊர்ப் பேரே அதுதான். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா, சுமார் 1,500 மீட்டர் உயரத்துல ஏற்காடு. மே மாசம் கோடை விழா, மலர் கண்காட்சின்னு கூட்டம் அள்ளும். வேன்ல வர்ற குரூப் பலதும் சமையல் சாமானோட வரும். அண்டா, கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை, பெட்ஷீட் மூட்டை எல்லாம் கேரியர் மேல. மலை ஏறுறதுக்கு முன்னாடி கயித்தை ஒரு தடவை இறுக்கணும். நாம இறங்கி டீ குடிப்போம். டிரைவர் அண்ணனோ கிளீனர் தம்பியோ மேல ஏறுவாங்க. கால்ல ரப்பர் செருப்பு, இல்லைன்னா வெறுங்கால். கீழ இருந்து நாம, "சீக்கிரம்ணா, மேல போனா ரூம் கிடைக்காது"ன்னு அவசரப்படுத்துவோம்.

இதுல எவ்வளவு ஆபத்து இருக்குன்னு ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கூரை இரண்டரை மீட்டர் உயரம்னு வெச்சுக்கோங்க. அங்கிருந்து விழுந்தா தரையைத் தொட 0.7 வினாடிதான் ஆகும். எதையாவது பிடிக்கணும்னு மூளைக்குத் தோணி, கை நீள்றதுக்குள்ள பாதி தூரம் முடிஞ்சிருக்கும். தரையில மோதும்போது வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். மேல நின்னுட்டு இருந்த ஆள் தலைகுப்புற விழுந்தா, தலை கிட்டத்தட்ட நாலு மீட்டர்ல இருந்து வருது. அப்போ மணிக்கு 32 கிலோமீட்டர். ஹெல்மெட் இல்லாம பைக்ல அந்த வேகத்துல போய் தலை சுவத்துல இடிச்சா எப்படி இருக்கும்? அதேதான்.

சரி, ஏன் விழுறாங்க? "கவனம் இல்லை"ன்னு ஈஸியா சொல்லிடுவோம். மேல என்ன வேலை நடக்குதுன்னு பாருங்க. கயித்தை இழுக்கும்போது உடம்பு முழுக்கப் பின்னால சாயும். முடிச்சு நழுவினாலோ, நைஞ்ச கயிறு அறுந்தாலோ, அந்த ஆளைப் பிடிச்சு நிறுத்த எதுவும் கிடையாது. மூட்டையைத் தூக்கி வைக்கும்போது கால் எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. பின்னாடியே நடந்து ஓரத்துக்கு வந்துடுவாங்க. மழையோ பனியோ பட்டா தகரம் வழுக்கும், தார்பாய் அதைவிட வழுக்கும். இன்னொண்ணு, "வண்டியைக் கொஞ்சம் முன்னால எடுங்க"ன்னு யாராவது சொல்ல, மேல ஆள் இருக்கறப்பவே வண்டி நகரும். எவ்வளவு கவனமான ஆளா இருந்தாலும் இதையெல்லாம் கவனத்தால மட்டும் சமாளிக்க முடியாது.

பிரிட்டன்ல உயரத்துல வேலை செய்யறது பத்தி 2005-ல ஒரு விதித்தொகுப்பு வந்துச்சு. அதுல எனக்குப் பிடிச்சது அதோட வரிசை. முதல் கேள்வி, அந்த உயரத்துக்கு ஏறாமலே வேலையை முடிக்க முடியுமா? முடியாதுன்னாதான் ரெண்டாவது: விழாம எப்படித் தடுக்கலாம்? அதுவும் முழுசா முடியலைன்னா மூணாவது: விழுந்தாலும் அடி குறைய என்ன செய்யலாம்? நம்ம ஊர்ல நேரா மேல ஏறிட்டு, "பாத்து, பாத்து"ன்னு கத்துறோம்.

முதல் கேள்விக்கான பதில் பெரும்பாலும் டிரைவர் கையில இல்லை, வேன் புக் பண்ற நம்ம கையில இருக்கு. 12 பேர் போறோம், சாமான் நிறைய இருக்குன்னா, 12 சீட் வண்டி எடுக்காதீங்க. ஒரு சைஸ் பெரிய வண்டி எடுத்து, பின் சீட்டுலயும் டிக்கியிலயும் சாமானை வைங்க. கூடுதல் வாடகையை எல்லாரும் பிரிச்சுக்கிட்டா பெரிசா தெரியாது. சமையல் பாத்திரத்தை மேல போய் வாடகைக்கு எடுக்க முடியுமான்னு விசாரிங்க. ஆளுக்கு ஒரு பை போதும்.

மலை ரோட்டுல இதுக்கு இன்னொரு லாபமும் இருக்கு. கூரை மேல கனம் ஏறினா வண்டியோட ஈர்ப்பு மையமும் மேல ஏறும், வளைவுல அதிகமா சாயும். ஒவ்வொரு வளைவுலயும் சாமான் இடமும் வலமும் ஆடி, கயிறு தளரும். அப்புறம் பாதி மலையில, சரிவுல, ஒரு பக்கம் பள்ளம் இருக்கற இடத்துல நிறுத்தி, மறுபடி மேல ஏறி இறுக்கணும். அதைவிட மோசமான இடம் கிடையாது. மேல சாமானே இல்லைன்னா இந்தப் பிரச்சனையே இல்லை.

வேற வழியே இல்லை, ஏறித்தான் ஆகணும்னா? அடிவாரத்துலயே சமதளமா ஒரு இடம் பாருங்க. மேல கரண்ட் கம்பி போகக் கூடாது. இன்ஜினை ஆஃப் பண்ணி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ வைங்க. சாவி மேல ஏறுறவர் பாக்கெட்ல இருக்கட்டும், அவர் இறங்கற வரைக்கும் யாராலயும் வண்டியை எடுக்க முடியாது.

ஏணியில எப்பவும் ரெண்டு கை ஒரு கால், இல்லைன்னா ரெண்டு கால் ஒரு கை, ஏதாவது மூணு பிடிமானத்துல இருக்கணும். அதனால கையில சாமானோட ஏறக் கூடாது. கீழ இருந்து ரெண்டு பேர் தூக்கிக் கொடுங்க. இறங்கும்போதும் முகம் ஏணியைப் பார்த்தே இருக்கணும், குதிக்கக் கூடாது. மேல நிக்காம, முட்டி போட்டோ உக்காந்தோ வேலை செய்யலாம். கயித்தை முடிஞ்சவரை தரையில நின்னு இழுத்துக் கட்டுங்க. கொக்கி வெச்ச வலை இருந்தா இன்னும் நல்லது, ரெண்டு பக்கமும் கீழ நின்னே மாட்டிடலாம். தாடைப்பட்டையை மாட்டின ஹெல்மெட் ஒண்ணு, கிரிப் இருக்கற ஷூ. கீழ நிக்கறவங்க அவசரப்படுத்தவே கூடாது.

வண்டி நகரும்போது கூரையில ஆள் போறது சட்டப்படியும் தப்பு. 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 123.

யாராவது விழுந்துட்டா, உடனே தூக்கி உக்கார வைக்காதீங்க, தண்ணி கொடுக்காதீங்க. முதுகெலும்புல அடி பட்டிருந்தா, நாம தூக்கறதே அவரை நிரந்தரமா முடக்கிடலாம். தலையும் கழுத்தும் அசையாம பாத்துக்கிட்டு 108-ஐக் கூப்பிடுங்க. "ஒண்ணுமில்ல தம்பி"ன்னு அவரே எழுந்து நின்னாலும், தலையில அடின்னா டாக்டர்கிட்ட காட்டணும். மண்டைக்குள்ள ரத்தக் கசிவு இருந்தா, சில மணி நேரம் கழிச்சுத்தான் வாந்தி, தூக்கக் கலக்கம், கடுமையான தலைவலின்னு தெரிய வரும். அந்த மாதிரி ஆளை மறுபடி ஸ்டியரிங்ல உக்கார வெச்சு 20 வளைவு ஏறச் சொல்லாதீங்க.

கடைசியா ஒண்ணு. மேல ஏறுறவருக்கு மாசச் சம்பளமோ மெடிக்கல் லீவோ பெரும்பாலும் கிடையாது. கால் உடைஞ்சா மூணு மாசம் வீட்டுல வருமானம் இல்லை. தமிழ்நாட்டுல 1982-ல வந்த உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ நல வாரியங்கள் இருக்கு. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் தனி வாரியம் இருக்கு. பதிவு பண்ணியிருந்தா விபத்துக்கு உதவித்தொகை கேக்கலாம். உங்களுக்குத் தெரிஞ்ச டிரைவர், கிளீனர், லோடுமேன் யாராவது இருந்தா, "பதிவு பண்ணிட்டீங்களாண்ணா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. இல்லைன்னா ஆன்லைன்ல விண்ணப்பம் போட கூட உக்காந்து உதவி பண்ணுங்க.

அடுத்த டூருக்கு வேன் பேசும்போது, "ஏசியா, நான் ஏசியா?"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி, "லக்கேஜ் எல்லாம் உள்ளயே வைக்க இடம் இருக்கா?"ன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.