கோட்டைத் தொட்ட கை

தொண்டாமுத்தூர் பக்கம் கபடிப் பேச்சு எங்கே தொடங்கினாலும் தமிழ் தலைவாஸில் வந்து முட்டும். தலைவாஸ் என்றால் திட்டுதான். திட்டி ஓய்ந்ததும் ஒரு பெயர் வரும். அந்தப் பெயருக்கு மட்டும் குரல் இறங்கும். அஜய் தாக்கூர்.

"அந்தாளு மட்டும் இன்னும் ஆடிட்டு இருந்தா..." என்று டீக்கடையில் இழுத்தார் பாக்குத் தோப்புக்காரர் ஒருவர்.

"அவரு ஆடறப்பவும் தோத்துட்டுத்தானுங்கண்ணா இருந்தோம்" என்றான் ஒரு பையன்.

"நாம தோத்தோங் கண்ணு. அவரு தோக்கலையே."

கணக்குப் பார்த்தால் பையன் சொன்னதுதான் சரி. 2017-ல் புரோ கபடியின் ஐந்தாவது பருவத்தில் தலைவாஸ் களமிறங்கியது. முதலாளிகளில் ஒருவர் சச்சின், விளம்பரத் தூதர் கமல்ஹாசன், கேப்டன் அஜய். ஆரவாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர் தலைமையில் ஆடிய மூன்று பருவங்களில் ஒன்றில்கூட அணி ப்ளே-ஆஃப் எட்டவில்லை. 2019-ல் ராகுல் சவுத்ரி, மன்ஜித் சில்லர் என்று நட்சத்திரங்களைக் குவித்தும் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். 2022-ல் முதல்முறையாக ப்ளே-ஆஃப் போனபோது அஜய் அணியில் இல்லை.

பிறகு எதற்கு இந்த ஏக்கம்?

அவர் பாடிப் போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏறிப் போக முப்பது வினாடி. எதிரே ஏழு பேர். நடுக்கோட்டிலிருந்து பின்கோடு வரை ஆறரை மீட்டர்தான். அதற்குள் போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அஜய் அவசரப்படமாட்டார். நீளமான கைகளைத் தொங்கவிட்டு, மூலைக்காரனை ஓரக்கண்ணால் அளந்துகொண்டே நகர்வார். இரண்டு பேர் கைகோத்து, காலைக் கவ்வக் குனிவார்கள் பாருங்கள், அதுதான் அவர் காத்திருந்த நேரம். குனிந்த முதுகுக்கு மேலே தவளை மாதிரி எம்பித் தாவி, நடுக்கோட்டில் போய் விழுவார். பிடித்துவிட்டோம் என்று நினைத்தவன் மண்ணை அணைத்துக்கொண்டு கிடப்பான்.

2016 அக்டோபர் 22, அகமதாபாத். உலகக் கோப்பை இறுதி. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 32-34 என்று தோற்றுத்தான் இந்தியா அந்தத் தொடரைத் தொடங்கியிருந்தது. இறுதியிலும் பாதி ஆட்டம் முடிந்தபோது 13-18 என்று ஈரானிடம் பின்தங்கல். இரண்டாம் பாதியில் அஜய் ஏறிய ரெய்டுகள்தான் ஆட்டத்தைப் புரட்டின. அவர் எடுத்த புள்ளிகள் 12. இந்தியா 38, ஈரான் 29.

பிடிக்க வந்தவர்களை உதறிவிட்டு ஓடுகிறவன்மேல் எந்த ஊர்க்காரனுக்கும் தனிப் பிரியம் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் மார்ஷான் லிஞ்ச் என்றொரு ஆட்டக்காரர். 2011 ஜனவரி 8 அன்று சியாட்டிலில், நியூ ஆர்லியன்ஸ் அணியினர் ஒருவர்பின் ஒருவராகப் பாய்ந்து பிடித்தும் பந்தோடு 67 கெஜம் ஓடிக் கோட்டைத் தாண்டினார். கூட்டம் துள்ளிக் குதித்ததில் பக்கத்திலிருந்த நில அதிர்வுமானியில் பதிவாகிவிட்டது. லிஞ்ச் ஓய்வு பெற்றாயிற்று. அந்த ஓட்டத்தை இன்றும் போட்டுப் பார்க்கிறார்கள்.

நம் ஊரில் அதிர்வுமானிக்கு எங்கே போக? கல் பொறுக்கி, செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்ட களத்தில், ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில், ஒரு பையன் எம்பித் தாவித் தப்பினால் ஓரத்திலிருந்து "தாக்கூரூ..." என்று கத்துகிறார்கள். தாவத் தெரியாமல் தாவி முட்டியைப் பேர்த்துக்கொண்டவர்களும் உண்டு.

2018 ஆசியப் போட்டியையும் சொல்லியாக வேண்டும். 1990 முதல் ஆண்கள் கபடித் தங்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத இந்தியா, ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று விழுந்தது. கேப்டன் அஜய்தான். அந்தத் தோல்வியை அவர் கணக்கில் எழுத இங்கே யாரும் தயாரில்லை. அடுத்த ஆண்டே பத்மஸ்ரீயும் அர்ஜுனாவும் வந்தன. கடைசியில் அவர் புரோ கபடிக் கோப்பையைத் தொட்டது டெல்லி அணியோடு, 2022-ல். இப்போது பயிற்சியாளர்.

எனக்கு ஒரு மனத்தாங்கல். அகமதாபாத்தில் கோப்பை வென்ற அதே அணியில் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் ஒருவரும் இருந்தார். அப்போதே நாற்பதைத் தாண்டிய தர்மராஜ் சேரலாதன். அதே ஆண்டு பாட்னாவுக்குக் கேப்டனாகப் புரோ கபடிக் கோப்பையும் வாங்கித் தந்தவர். இமாச்சலத்துக்காரரான அஜயை உரிமையோடு கொண்டாடும் டீக்கடையில் இவர் பெயரை நான்தான் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. ஏறிப் போகிறவனுக்குக் கிடைக்கும் கைதட்டல் பிடிக்கிறவனுக்குக் கிடைப்பதில்லை. அடுத்த வாரம் அவர் கதை.

(தொடரும்)