முப்பத்தைந்தில் ஒரு பங்கு மோட்டார் சைக்கிள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை பயன்படுத்திய பி.எம்.டபிள்யூ. ஆர்75, சுண்டாப் கே.எஸ்.750 ஆகிய மோட்டார் சைக்கிள்கள், சிற்றளவு மாதிரிகளைக் கட்டுவோரின் விருப்பத்துக்குரியவையாக இன்றும் விளங்குகின்றன. பக்கவாட்டில் இணைக்கப்படும் இருக்கைப் பெட்டியான சைடுகாரை இவை வெறுமனே இழுத்துச் செல்லவில்லை. எஞ்சினின் விசை பின்சக்கரத்துக்குப் போவதோடு, ஒரு குறுக்குத் தண்டின் வழியே சைடுகாரின் சக்கரத்தையும் சுழற்றியதால், மூவர் ஏறிய வண்டியும் சேற்றிலும் மணலிலும் முன்னேற முடிந்தது. பின்னோக்கிச் செல்லும் கியரும் இவற்றில் இருந்தது.

இவற்றின் மாதிரிகள் பெரும்பாலும் 1/35 அளவில், அதாவது அசலின் ஒவ்வொரு நீளமும் முப்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறுக்கப்பட்டு, பிளாஸ்டிக் உறுப்புகளாக விற்கப்படுகின்றன. ஏறத்தாழ 2.4 மீட்டர் நீளமுள்ள ஆர்75 இவ்வளவில் 7 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். 1/9 அளவிலோ 27 சென்டிமீட்டரை நெருங்கும்.

டாங்கியின் எஞ்சினைக் கவசத்தகடு மறைத்துவிடுகிறது. மோட்டார் சைக்கிளிலோ எஞ்சின், புகைக்குழாய், கம்பிவடங்கள் யாவும் கண்ணெதிரே நிற்பதால், உருவில் சிறியதாயினும் கட்டுவதற்கு இதுவே கடினமானது. அக்கடினம் முழுவதும் திரண்டு நிற்கும் இடம் சக்கரத்தின் ஆரக்கம்பிகள். 4 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பி 1/35 அளவில் ஏறக்குறைய 0.11 மில்லிமீட்டராக, தலைமுடியின் பருமனுக்குச் சுருங்கிவிடுகிறது. உருகிய பிளாஸ்டிக்கை உலோக அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் முறையில் அத்தனை மெல்லிய இழையை வார்ப்பது அரிது. ஆகவே அச்சில் வார்த்த ஆரங்கள் தடித்தே அமைகின்றன. இதற்கு மாற்றாக, ஒளியுணர் பூச்சு தடவிய மெல்லிய உலோகத் தகட்டை வேதிப்பொருளால் அரித்துப் பெறும் ஆரங்கள் கிடைக்கின்றன. அவை உருளையாக இல்லாமல் தட்டையாக இருப்பது குறையே. ஆயினும் நடுக்குடத்தின் இரு பக்கங்களிலிருந்தும் விளிம்பை நோக்கிச் சரியுமாறு மெல்ல வளைத்துப் பொருத்தினால், சக்கரத்துக்கு உரிய மெய்த்தோற்றம் வந்துவிடுகிறது.

எஞ்சினிலும் கூர்ந்த கவனம் தேவை. ஆர்75-இன் இரு உருளைகள் ஒரே நேர்கோட்டில் இருபுறமும் நீண்டிருக்க, சுண்டாப்பின் உருளைகள் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்து தமக்கிடையே 170 பாகைக் கோணம் கொள்கின்றன. பசை உலரும் வரை இச்சாய்வைக் காப்பது கட்டுபவரின் பொறுப்பு.

வண்ணத்தைக் காலமும் களமும் தீர்மானிக்கின்றன. ஐரோப்பியக் களங்களில் கரும்சாம்பலாக இருந்த ஜெர்மானிய வாகனங்களுக்கு 1943 பிப்ரவரியில் அடர்மஞ்சள் அடிப்படை நிறமாக ஆணையிடப்பட்டது. எனவே பழைய சாம்பல் வண்டியின் மீது மஞ்சள் தெளிக்கப்பட்டு, ஓட்டுநரின் முழங்கால் உரசிய எரிபொருள் தொட்டியில் மட்டும் அடிநிறம் வெளிப்படுவதாகத் தீட்டுவது அக்காலத்துக்கு முற்றிலும் பொருந்தும்.