பூஸ்ட் முள் இறங்கினால் பதற வேண்டாம்

ஃபோர்டு 1999-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட எஃப்-150 லைட்னிங் பிக்கப் டிரக்கில், 5.4 லிட்டர் வி8 எஞ்சின்மேல் ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர் இருக்கும். திறன் 360 குதிரைசக்தி. 2001-இல் 380 ஆயிற்று. இன்னும் வேண்டும் என்பவர்கள் முதலில் சிறிய புல்லியைத் தேடுகிறார்கள். காற்று உள்ளே வரும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் திறப்பதே முதல் வேலை என்பேன். பெல்ட்டில் ஓடும் இந்த சூப்பர்சார்ஜர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.8 லிட்டர் காற்றைத் தள்ளும். எஞ்சினால் விழுங்க முடியாத காற்றின் நெரிசல்தான் பூஸ்ட். புகைபோக்கி அடைத்துக்கொண்டாலும் நெரிசல் கூடி பூஸ்ட் மீட்டரின் முள் ஏறும்; சக்தி ஏறாது. எனவே சைலன்சரை மாற்றியதும் முள் சற்று இறங்குவது நட்டமல்ல, காற்று சுலபமாகக் கடக்கிறது என்பதற்கு அடையாளம்.

பின்னழுத்தம் குறைந்தால் இழுவிசை போய்விடும் என்பார்கள். இழுவிசையைக் கெடுப்பது அளவுக்கு மீறி அகன்ற குழாயில் புகையின் வேகம் குறைவதுதான். பின்னழுத்தத்தால் எந்த நன்மையும் இல்லை. உள்வழியிலும் ஊகம் வேண்டாம். ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே வெற்றிட மீட்டர் பொருத்தி, முழு த்ராட்டிலில் பாருங்கள். முள் அசையவே இல்லையென்றால் விலையுயர்ந்த ஃபில்டர் வீண்செலவு. அசைந்தால் மாற்றுங்கள், ஆனால் புதிய ஃபில்டர் பெட்டி காற்றளவு சென்சாரின் கணக்கைக் குழப்பக்கூடும். அதனால் எரிபொருள் குறைந்தால் தட்டல் எழும், பிஸ்டன் உருகும். ட்யூனிங்குக்குப் பணம் ஒதுக்கிய பிறகே உதிரிபாகம் வாங்குங்கள். கேடலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றாதீர்கள். அமெரிக்கச் சட்டப்படி அது குற்றம்.