வெயிலும் நரம்பும்

1945ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் வியாதியிலிருந்து குணமடைந்தவர் எவரேனும் உண்டாயின் தெரிவிக்குமாறு வேண்டிச் சிறு விளம்பரம் ஒன்று வெளிவந்தது. அதை வெளியிட்ட சில்வியா லாரி என்ற பெண்மணியின் சகோதரர் பெர்னார்ட் அந்த வியாதியால் நலிந்துகொண்டிருந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. ஆனால் அவற்றை எழுதியவர்களும் சில்வியாவைப் போலவே ஒரு நல்ல செய்திக்காக ஏங்கியவர்களே. அந்த ஏக்கத்திலிருந்துதான், மறு ஆண்டு, இந்நோயாளிகளுக்கென்று அமெரிக்காவில் ஒரு சங்கம் பிறந்தது.

பாரிஸ் நகரத்து வைத்தியர் ஷார்க்கோ 1868இலேயே இவ்வியாதியைத் தனித்து இனங்கண்டு விவரித்துவிட்டார். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்கிச் சிதைக்கிறது. பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் தலைகாட்டும் இது, ஆண்களைவிடப் பெண்களையே அதிகமாகப் பற்றுகிறது. நோய் மீண்டும் மீண்டும் தாக்குவதைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் மருந்துச் சீட்டு எழுதுவதோடு வைத்தியம் முடிந்துவிடுகிறது என்று நான் எண்ணவில்லை; நோயின் இயல்பை நோயாளிக்கு விளக்கிச் சொல்வதும் வைத்தியமே.

ஊதாஃப் என்னும் ஜெர்மானியக் கண் வைத்தியர், தேகப்பயிற்சிக்குப் பின் இந்நோயாளிகளின் பார்வை சற்று நேரம் மங்குவதை 1890இல் எழுதி வைத்தார். உடற்சூடு ஏறுவதே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. சித்திரை வெயிலில் பேருந்துக்காகக் காத்து நின்று கால் தள்ளாடி, கண் மங்கும் நம் ஊர்ப் பெண்ணொருத்தி, இதைச் சொல்வாரில்லாவிட்டால், வியாதி முற்றிவிட்டதென்றே நம்பி, அன்று முதல் வாசற்படி தாண்டவும் அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கிப் போவாள். சொல்லக் கேட்டவளோ நிழலில் அமர்ந்து, ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்து, குளிர்ந்த நீர் பருகிக் காத்திருப்பாள். உடல் குளிர்ந்ததும் பார்வை தெளியும். காய்ச்சல் இல்லாமலே புதிய தொல்லையொன்று ஒரு நாளுக்கு மேல் நீடித்தால்தான் வைத்தியரிடம் விரையவேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். வியாதி இருவருக்கும் ஒன்றேயாயினும், வாழ்க்கை ஒன்றாகவா இருக்கிறது?

இந்த விளக்கம் வீட்டாருக்கும் எட்டவேண்டும். இந்நோயில் மிகுதியாகக் காணப்படும் அயர்ச்சி வெளிப்பார்வைக்குத் தெரியாது; ஆகையால் கணவரும் மாமியாரும் அதைச் சோம்பல் என்று பழிக்க நேர்கிறது. அத்தகைய சொல் அவளை எவ்வளவு புண்படுத்தும்! ஆகவே, வைத்தியசாலைக்கு அவளுடன் வருபவரையும் உள்ளே அழைத்து அமர்த்தி, அவ்வயர்ச்சி நரம்பின் நோயால் வருவதென்பதை அவர்களுக்கு விளங்கும் தமிழில் சொல்லி, வெயில் ஏறுமுன் சமையலை முடித்துக்கொள்ளவும் நடுப்பகலில் அவள் சற்றுக் கண்ணயரவும் வீட்டில் ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்ளும் வைத்தியர்களே இந்நோயாளிகளுக்கு வேண்டும்.