படிக்குக் கீழே ஒரு ஊட்டி

பரணில் தூங்கும் பழைய பொம்மைகளை இறக்குங்கள். இ-பாஸ் வேண்டாம், ஓட்டல் ரூம் வேண்டாம். வீட்டோடு சுற்றுலா போய்விட்டு வரலாம்.

நவராத்திரிக்குப் பரணிலிருந்து பெட்டி இறங்கியதும் பெரியவர்களின் கண் தசாவதார செட்டின் மேல்தான் இருக்கும். ராமர் கையில் வில் இருக்கிறதா, போன வருஷம் ஒட்டிய மூக்கு நிற்கிறதா என்று பார்ப்பார்கள். குழந்தைகள் நோண்டுவது அடியில் கிடக்கும் துணிப் பையை. சாவி கொடுத்தால் ஓடும் ரயில், பெயின்ட் உதிர்ந்த கார், சொப்புச் சாமான், வியூமாஸ்டர், கால் உடைந்த ஒட்டகம் எல்லாம் அதில் இருக்கும். சாமி பொம்மைகள் படியேறிவிடும். இந்தக் கூட்டம் படிக்குக் கீழே, தரையில் போடும் பார்க்குக்குப் போகும்.

பேர்தான் பார்க். பல வீடுகளில் அது ஒரு மலை, ஒரு ரயில், ஒரு ஏரி. அந்த வீட்டுக்காரர்கள் போக ஆசைப்பட்ட சுற்றுலா என்றே சொல்லலாம். இந்த வருஷம் அதை அலங்காரத்தோடு நிறுத்தாமல், எல்லோரும் தரையில் உட்கார்ந்து திட்டம் போட்டுப் பயணமாகவே விளையாடிப் பாருங்களேன். எங்கே போகிறோம், யார் யார் வருகிறார்கள், யார் ஜன்னல் ஓரம்? குழந்தைகள் சொல்லட்டும், நாம் எடுத்துக் கொடுப்போம்.

முதலில் மலை

ஊட்டி என்றே வைத்துக்கொள்வோம். கொலு வைப்பதற்கு ஐந்து நாள் முன்பே ஒரு பழைய தாம்பாளத்தில் மண் பரப்பி, கேழ்வரகைத் தூவித் தண்ணீர் தெளித்துவிடுங்கள். கொலு தொடங்கும்போது பச்சைப் புல்வெளி தயார். கடுகும் வெந்தயமும்கூட நன்றாக முளைக்கும். நாலு செங்கல்லை ஏற்ற இறக்கமாக அடுக்கி, ஈரக் கோணியைப் போர்த்தி, மேலே கேழ்வரகு தூவினால் மலை பச்சைப்பசேல் என்று எழும்பிவிடும்.

இன்ஜின் பின்னால்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். அந்த மலை ரயிலில் 250 பாலம், 16 குகை, 208 வளைவு. 1899-ல் குன்னூர் வரை வந்த பாதை 1908-ல் ஊட்டியை எட்டியது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளங்களுக்கு மத்தியில் பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடுகிறது. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும்.

பொம்மை ரயிலை மலையில் வைக்கும்போது எல்லோரும் இன்ஜினை முன்னால் வைப்பார்கள். நீலகிரி ரயில் மலையேறும்போது இன்ஜின் பின்னால் நின்றுதான் பெட்டிகளைத் தள்ளும். பெட்டி எதுவும் கழன்று கீழே உருண்டுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஏன் பின்னால் என்று குழந்தை கேட்டால் செங்கல் மலையில் ரயிலை வைத்துக் கையை எடுக்கச் சொல்லுங்கள். பதில் தானாக உருண்டு வரும்.

தீப்பெட்டிக்குள் அடங்கிய பஸ்

ஊட்டி சேரிங் கிராஸில் நிறுத்த வண்டிகள் வேண்டும். பையில் பழைய மேட்ச்பாக்ஸ் கார் இருந்தால் அதிர்ஷ்டம். 1953-ல் இங்கிலாந்தின் லெஸ்னி கம்பெனி கொண்டுவந்த வரிசை அது. கம்பெனிப் பங்குதாரர் ஜாக் ஓடெல்லின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று விதி. அப்பா பித்தளையில் குட்டி ரோடு ரோலர் செய்து தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். வியாபாரத்துக்கு வழி அதில் கிடைத்தது.

எல்லா வண்டியும் ஒரே மாதிரிப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதால் டபுள் டெக்கர் பஸ்ஸும் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளம். கடையில் நின்று பார்த்தால் அது குறை. பார்க்கில் அதுதான் வசதி. காரைவிட உயரமான வாத்து, ரயிலைவிடப் பெரிய செட்டியார் பொம்மை என்று எதுவும் அங்கே இடிக்காது.

ஏரியில் ஒரு சுற்று

1824-ல் ஜான் சல்லிவன் வெட்டிய ஊட்டி ஏரிக்கு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். ஆனால் திருவிழாக் கடையில் வாங்கிய தகரப் படகு கையில் இருந்தால் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். படகுக்குள் சின்னக் கொதிகலன், அதிலிருந்து பின்பக்கம் இரண்டு குழாய். குழாயில் தண்ணீர் நிரப்பித் திரியை ஏற்றினால் ஆவி தண்ணீரைப் பின்னால் தள்ளும். ஆவி குளிர்ந்ததும் தண்ணீர் உள்ளே திரும்பும். போகும்போது ஒரே திசையில் பீய்ச்சுகிறது, வரும்போது நாலா பக்கமிருந்தும் வருகிறது. அந்த வித்தியாசத்தில்தான் டுபு டுபு என்று படகு நகர்கிறது. நெருப்பு என்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளுக்கு இந்தப் பை வேண்டாம்.

மழை பிடித்துக்கொண்டால் வியூமாஸ்டர். 1939-ல் அமெரிக்காவில் வந்த சாதனம். ஒரு வட்டில் 14 படம். கண்ணுக்கு ஒன்றாக இரண்டிரண்டு சேர்ந்து ஏழு காட்சி. நெம்புகோலை அழுத்தினால் ஊர் மாறும்.

யார் யார் வருகிறார்கள்?

விஷயமே இங்கேதான். நிஜச் சுற்றுலாவுக்குப் பேச்சு எடுத்தாலே ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். "வீட்டைப் பார்த்துக்க ஒருத்தர் வேணுமே" என்பார்கள். அந்த ஒருத்தர் பாட்டி. "முழங்கால் வலியோட மலையில எங்க ஏறுறது?" என்று பாட்டியே முடித்துவைப்பார். அப்பாவுக்கு லீவு இல்லை. கல்லூரி போகும் அண்ணனுக்கு நண்பர்களோடு போக ஆசை. கடைசியில் கிளம்புவது பாதிக் குடும்பம்.

பொம்மைகளைக் குழந்தைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். கொள்ளுப்பாட்டி கல்யாணத்தில் வந்த மரப்பாச்சி ஜோடிதான் வீட்டில் மூத்தவர்கள். அவர்களுக்குப் புதுத் துணி சுற்றி முதலில் ஏற்றுவார்கள். செம்மரத்தில் கடைந்த அந்தப் பாட்டிக்கு முழங்கால் மடங்கவே மடங்காது. அதனால் என்ன? மூடியில்லாத சரக்குப் பெட்டியில் நிற்க வைத்துவிடுவார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை அப்பா. யார் என்ன கேட்டாலும் சரி என்று சொல்ல ஒருவர் வேண்டாமா? மளிகைக் கடையோடு உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் தம்பதி சமேதராகக் குன்னூர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். பசித்தால் சொப்பு அடுப்பு இருக்கிறது. ஒட்டகத்துக்கு மூன்றே கால் என்பதால் அதைச் சுவரில் சாய்த்து நிறுத்துவார்கள், விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

உட்கார முடியாதவருக்கு நிற்க இடம், நிற்க முடியாததற்குச் சாய ஒரு சுவர். எப்படிக் கூட்டிப் போவது என்றுதான் அங்கே யோசிக்கிறார்கள். கூட்டிப் போகலாமா என்ற கேள்வியே வருவதில்லை. நாம் திட்டம் போடும்போது முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

அதனால் விஜயதசமி முடிந்து பார்க்கைக் கலைப்பதற்கு முன் ரயிலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிவிடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே மாதம் ஊட்டிக்குப் போக மார்ச்சிலேயே உட்கார வேண்டும். எத்தனை டிக்கெட் என்று கேட்கும் கட்டத்தில் அந்த எண்ணையே போடுங்கள். முழங்காலுக்கு வழி ஸ்டேஷனில் யோசிக்கலாம்.