152 மீற்றர் தூரத்தின் விலை

கல்லோயாத் தண்ணீரை நம்பி வேளாண்மை செய்கிற நிந்தவூர்ப் பக்கத்தில், வாய்க்கால் தொடங்கும் இடத்தில் வயல் இருப்பதற்கும் கடைசியில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கடைசி வயற்காரரைத் தவிக்க விடுவது தூரமல்ல, இடையில் இருக்கும் மற்ற வயல்கள். கார்ப் பந்தயத்தில் புறப்படும் இடமும் அப்படித்தான். ஃபார்முலா வன் பந்தயத்தில் கார்களை இரண்டு நிரையாக, ஒவ்வொன்றும் முந்தியதற்கு 8 மீற்றர் பின்னால் இருக்கும்படி நிறுத்துகிறார்கள். 20ஆவது கார் முதற் காருக்கு 152 மீற்றர் பின்னால் நிற்கும். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் அதைக் கடக்க 3 செக்கன்கூட ஆகாது. ஒன்றரை மணி நேரம் ஓடுகிற பந்தயத்தில் 3 செக்கன் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். பொருட்டுத்தான். ஆனால் அதற்குக் காரணம் அந்த மீற்றர்கள் அல்ல, முன்னால் நிற்கும் 19 கார்கள்.

இந்த வரிசை பெரும்பாலும் முதல் நாள் நடக்கும் தகுதிச் சுற்றில் முடிவாகிறது. ஒரு சுற்றை மிகக் குறைந்த நேரத்தில் ஓடியவருக்கு முதலிடம். பந்தய நாளில் டயரும் பிரேக்கும் சூடேற மெதுவாக ஒரு வெள்ளோட்டச் சுற்று போய், எல்லோரும் தத்தம் இடத்தில் வந்து நிற்கிறார்கள். 5 சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. ஐந்தும் ஒன்றாக அணைந்ததும் பாயலாம். எப்போது அணையும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, முந்திக்கொண்டு அசைந்தால் தண்டனை. பிறகு அத்தனை கார்களும் முதல் வளைவில் நெருக்கியடிக்கின்றன. பின்னால் வருபவருக்கு அங்கேதான் வினை ஆரம்பம். முன்னே போகும் கார் காற்றைக் கலக்கிவிடுவதால், பின்னால் வரும் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் விசை வளைவில் குறைந்துபோகிறது. (நேர்ப்பாதையில் அதே கலங்கிய காற்று பின்னவருக்கு உதவும் என்பது வேறு கதை.) ஃபார்முலா வன்னில் கண்ணுக்குத் தெரியாத இந்தத் தொல்லையை, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போன்ற மண் தடங்களில் புழுதியாகவே பார்க்கலாம். முன்னவர் கிளப்புவதைப் பின்னவர் விழுங்க வேண்டும்.

வேகமான கார்தானே முன்னால் நிற்கிறது, அது வெல்வதில் இடத்துக்கு என்ன பங்கு என்பது நியாயமான மறுப்பு. டில்லிக்கு அருகில் 2011 முதல் 2013 வரை நடந்த மூன்று இந்தியன் கிரான்ப்ரீகளிலும் முதலிடத்திலிருந்து புறப்பட்டு வென்றவர் செபஸ்டியன் வெட்டல். அங்கே காரின் வேகத்தையும் இடத்தின் பலனையும் பிரித்துப் பார்ப்பது கடினம். ஆனால் ஒடுங்கிய தெருக்களில் ஓடும் மொனாக்கோவில், 2024இல் முதல் 10 பேரும் புறப்பட்ட அதே வரிசையில் முடித்தார்கள். பத்துப் பேரின் வேகமும் அவ்வளவு ஒழுங்காகவா அடுக்கப்பட்டிருக்கும்? தெருதான் அவர்களைப் பூட்டி வைத்தது. இதற்கு நேர்மாறாக, 1983இல் அமெரிக்காவின் லோங் பீச்சில் 22ஆவதாகப் புறப்பட்ட ஜோன் வொட்சன் வென்றார், 23ஆவதாகப் புறப்பட்ட அவருடைய அணித்தோழர் நிக்கி லவுடா இரண்டாவதாக வந்தார். ஒரு சுற்றின் வேகமும் முழுப் பந்தயத்தின் வேகமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். முந்துவதற்குத் தடம் இடம் விட்டால் வரிசை வெறும் தொடக்கம், விடாவிட்டால் வரிசையே முடிவு.

அப்படியானால் சீட்டுக் குலுக்கலாமே என்பார்கள். மொனாக்கோவில் 1933க்கு முன்பு அப்படித்தான் செய்தார்கள். ஃபார்முலா டூ குறும்பந்தயத்தில் இன்றும் தகுதிச் சுற்றின் முதல் 10 பேரைத் தலைகீழாக நிறுத்துகிறார்கள். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் திறமையாக ஓடியவரைப் பின்னால் தள்ளுவது என் கணக்கில் நியாயமல்ல. நீதி மட்டும்தான் வேண்டுமென்றால் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் இருக்கிறது. ஒவ்வொருவராக மேலேறி மணிக்கூட்டோடு போட்டியிடுவார்கள், அங்கே முன்னுமில்லை பின்னுமில்லை. புறப்பட வேறொரு முறையும் இருந்தது. லு மோன்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு காலத்தில் ஓட்டுநர்கள் தடத்தின் குறுக்கே ஓடிப்போய்க் காரில் ஏறுவார்கள், அவசரத்தில் இருக்கைப்பட்டியை ஒழுங்காக மாட்டுவதில்லை. அந்த முறையை எதிர்த்து 1969இல் ஜக்கி இக்ஸ் வேண்டுமென்றே நடந்துபோய், பட்டியை மாட்டிக்கொண்டு, கடைசியாகப் புறப்பட்டார். 24 மணி நேரத்துக்குப் பிறகு அவர் வென்றது ஏறத்தாழ 120 மீற்றர் வித்தியாசத்தில்.

முன்னால் நிற்கும் கார்களே விலகிவிட்டால் என்ன ஆகும்? கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 ஜூன் 19இல் இண்டியானாபொலிஸில் நடந்த ஃபார்முலா வன் பந்தயத்தில் 19ஆவது இடத்துக்குத்தான் தகுதி பெற்றார். டயர் பாதுகாப்பில்லை என்று மிஷலின் டயர் பூட்டிய 14 கார்களும் வெள்ளோட்டச் சுற்றோடு கராஜுக்குத் திரும்பிவிட, 6 கார்களே ஓடின. அவர் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா வன்னில் அவர் பெற்ற புள்ளிகள் அவை மட்டுமே.