விரல்களின் ஓசைக்கும் காதுகள் உண்டு

“பகலில் பக்கம் பார்த்துப் பேசு; இரவில் அதுவும் பேசாதே” என்று நம் முன்னோர் எச்சரித்தனர். பேசாமல் எழுதினால் இரகசியம் காக்கப்படும் என்று நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் பொய்த்துப்போன வரலாறு ஒன்று உண்டு.

1984-ஆம் ஆண்டில், மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் தட்டச்சுப் பொறிகள் சோதனைக்காகத் தாய்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தபோது, ஓர் உலோகப் பட்டைக்குள் ஒற்றுக் கருவி ஒளிந்திருக்கக் கண்டனர். மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் பயன்பட்ட 16 ஐ.பி.எம். செலக்ட்ரிக் பொறிகளில் இத்தகைய கருவிகள் அகப்பட்டன. எழுத்துருண்டையைத் திருப்பும் உறுப்புகளின் அசைவைக் காந்தத்தின் துணையால் உணர்ந்து, வானொலி அலைகளாக அவை வெளியே அனுப்பின. 1976 முதல் எட்டு ஆண்டுகள் இவ்வொற்று நடந்தது. செய்தியைச் சங்கேதமாக்கிப் பயன் என்ன? அது தட்டச்சாகும்போதே களவு போயிற்றே!

அன்று அரசுகளுக்கே இயன்ற இவ்வித்தை, இன்று எளிய கருவிகளுக்கும் எட்டியுள்ளது. மிருதங்கத்தில் இடத்துக்கு இடம் நாதம் மாறுவதுபோல, கணிப்பொறியின் விசைப்பலகையிலும் விசைக்கு விசை ஓசை சற்றே மாறுகிறது. 2005-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 10 நிமிட ஒலிப்பதிவைக் கொண்டு, தட்டப்பட்ட எழுத்துகளில் 96 விழுக்காடு வரை மீட்டனர். 2011-இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார், விசைப்பலகைக்கு அருகே மேசைமீது வைத்த கைபேசி உணர்ந்த அதிர்விலிருந்தே சொற்களை 80 விழுக்காடு வரை கண்டறிந்தனர். 2023-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள், ஸூம் அழைப்பின் வழியே பதிவான ஓசையைக்கொண்டு 93 விழுக்காடு விசைகளைச் சரியாக இனங்கண்டனர்.

இவை ஆய்வுக்கூடத்தில், ஏற்ற சூழலில் கிட்டிய முடிவுகள். ஆதலின் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. எனினும் மகளின் திருமணத்துக்கென வங்கியில் சேர்த்த பணம், சில எழுத்துகளாலான கடவுச்சொல்லை நம்பியே இருக்கிறதன்றோ? காணொளி அழைப்பின் நடுவே அதனைத் தட்டாதீர்கள். தட்ட நேர்ந்தால், முதலில் ஒலிவாங்கியை அடைத்துவிடுங்கள். பொது இடங்களில், அயலாரின் கைபேசி கிடக்கும் மேசையில் வங்கி அலுவல் வேண்டாம். கடவுச்சொல்லோடு, ஒருமுறைக்கே செல்லும் எண்ணையும் வங்கி கேட்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அப்பொழுது கடவுச்சொல்லைக் கேட்டறிந்த கள்வனுக்கும் கதவு எளிதில் திறவாது.

பிறர் கண்படாமல் மறைத்து எழுதுவது நல்ல பழக்கமே. இனி, பிறர் காதில் விழாமலும் எழுதப் பழகுவோம்.